எளிய மக்களை வரைந்த ஓவியர் பால்தசார் சோல்வின்ஸ்

பாட அறிமுகம்

இந்தியாவுக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் பலர் கோட்டைகளையும் கோயில்களையும் அரசர்களையும் வரைந்து புகழும் பொருளும் ஈட்டினர். ஒருவர் மட்டும் வண்ணார், குயவர், நீர் சுமப்போர், படகோட்டிகள் ஆகியோரை வரைவதற்குத் தம் வாழ்நாளையும் கைப்பொருளையும் செலவிட்டார். அவருடைய வாழ்க்கை வரலாறே இப்பாடம்.

வரையப்படாத மக்கள்

புகைப்படக் கருவி தோன்றாத காலத்தில் ஒரு நாட்டு மக்களின் தோற்றத்தைப் பின்வந்தோர்க்குக் காட்டி நின்றவை ஓவியங்களே. ஆனால் அவ்வோவியங்களில் எல்லா மக்களும் இடம்பெறவில்லை. பொருள் கொடுத்து வரையச் சொன்னவர்களின் உருவங்களே பெரும்பாலும் வரையப்பட்டன. அரசர், ஆளுநர், படைத்தலைவர், பெருவணிகர் ஆகியோர் பட்டாடை அணிந்து ஓவியர்முன் அமர்ந்தனர். தண்ணீர் சுமந்தவரும், துணி வெளுத்தவரும், துடுப்பு வலித்தவரும் எவரிடமும் தம்மை வரையுமாறு கேட்கவில்லை. கேட்க நினைத்திருந்தாலும் ஓவியருக்குக் கொடுக்க அவர்களிடம் பொருளில்லை.

அத்தகைய மக்களைத் தேடிச் சென்று, அவர்களைத் தாளின் நடுவே நிறுத்தி வரைந்தவர் பிரான்சுவா பால்தசார் சோல்வின்ஸ். இன்றைய பெல்ஜியம் நாட்டில் பிறந்த அவர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பெருநூல், இந்திய மக்களின் அன்றாட வாழ்வை ஐரோப்பாவுக்குக் காட்டிய அரிய முயற்சிகளுள் ஒன்றாகும்.

பிறப்பும் இளமையும்

சோல்வின்ஸ் 1760ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆண்ட்வெர்ப் நகரத்து வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஷெல்ட் ஆற்றின் கரையில் அமைந்த அந்நகரம் துறைமுகத்தாலும் ஓவியக் கலையாலும் பெயர் பெற்றது. ஆற்றில் வந்து செல்லும் கப்பல்களைப் பார்த்து வளர்ந்த அவருக்குக் கடலின்மீதும் கலங்களின்மீதும் இளமையிலேயே ஈடுபாடு உண்டாயிற்று. ஆண்ட்வெர்ப் கலைக் கழகத்தில் ஓவியம் பயின்ற பின்னர்ப் பாரிஸ் நகருக்குச் சென்று தம் பயிற்சியைத் தொடர்ந்தார். துறைமுகங்களையும் கப்பல்களையும் வரைவதில் தேர்ந்த கடலோவியராக அவர் உருவானார்.

அக்காலத்தில் அந்நாடு ஆஸ்திரிய அரச குலத்தின் ஆட்சியில் இருந்தது. ஆளுநராக விளங்கிய இளவரசி மரியா கிறிஸ்டினா சோல்வின்ஸை ஆதரித்தார். ஷெல்ட் ஆற்றங்கரையில் இருந்த லில்லோ கோட்டையின் தலைவர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. நிலையான வருவாயும் ஓவியத் தொழிலும் ஒருங்கே அமைந்த வாழ்வு அது.

அந்த வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1789ஆம் ஆண்டில் ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. ஆளுநர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஆதரவாளரை இழந்த ஓவியர், பிழைக்க வேறு வழி தேட வேண்டியவரானார்.

கடல் கடந்த பயணம்

ஹோம் பாப்ஹாம் என்னும் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அப்போது கிழக்கு நாடுகளுடன் தனிவாணிகம் செய்து வந்தார். அவருடைய ‘எட்ருஸ்கோ’ என்னும் கப்பல் 1790ஆம் ஆண்டில் ஆஸ்டெண்டு துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. சோல்வின்ஸ் அதில் ஏறி 1791ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

இன்று கொல்கத்தா என வழங்கும் அந்நகரம் அக்காலத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைநகராக விளங்கியது. ஹூக்ளி ஆற்றில் நூற்றுக்கணக்கான கலங்கள் நின்றன. கரையில் ஐரோப்பியரின் வெண்ணிற மாளிகைகள் எழுந்தன. பொருள் தேடி வந்த ஓவியர்களும் அங்கு இருந்தனர். தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் நாடு முழுவதும் சுற்றிக் கோயில்களையும் கோட்டைகளையும் அருவிகளையும் வரைந்துகொண்டிருந்தனர். ஜோகன் சோஃபனி போன்ற புகழ்பெற்ற உருவ ஓவியர்கள் நவாபுகளையும் கம்பெனி அதிகாரிகளையும் வரைந்து பெரும்பொருள் ஈட்டிச் சென்றிருந்தனர்.

சோல்வின்ஸுக்கு அத்தகைய வாய்ப்புகள் அமையவில்லை. அவர் ஆங்கிலேயரும் அல்லர். கம்பெனியில் செல்வாக்கு உடையவரும் அல்லர். ஆகவே வண்டிகளுக்கும் பல்லக்குகளுக்கும் வண்ணம் தீட்டினார். வங்கத்தின் ஈரக்காற்றில் பழுதடைந்த ஓவியங்களைத் தூய்மை செய்து கொடுத்தார். விழாக்களுக்கு ஒப்பனை வேலைகள் செய்தார். ஓவியம் கற்பித்தார். கைத்தொழிலாளர் ஒருவரின் நிலையிலேயே கல்கத்தாவில் அவருடைய வாழ்க்கை தொடங்கியது.

இருநூற்று ஐம்பது ஓவியங்கள்

கீழைநாட்டு மொழிகளையும் வரலாற்றையும் ஆராய்வதற்காக வில்லியம் ஜோன்ஸ் 1784ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவியிருந்தார். அறிஞர்கள் வடமொழி நூல்களை மொழிபெயர்த்தும் கல்வெட்டுகளைப் படித்தும் பழைய இந்தியாவை அறிய முயன்றுகொண்டிருந்தனர். நூல்களில் உள்ள இந்தியாவை அவர்கள் தேடியபோது, கண்முன் நடமாடும் இந்தியாவை ஓவியமாக்கச் சோல்வின்ஸ் எண்ணினார்.

1794ஆம் ஆண்டில் தம் திட்டத்தை அவர் பொதுமக்களுக்கு அறிவித்தார். மக்களின் பழக்கவழக்கங்கள், உடைகள், தொழில்கள், விழாக்கள் ஆகியவற்றைக் காட்டும் 250 வண்ண ஓவியங்களைத் தொகுத்து வெளியிடுவது அத்திட்டம். முன்பணம் செலுத்துவோரின் துணையோடு அதனை நிறைவேற்ற அவர் விரும்பினார்.

அத்தொகுப்பு பன்னிரண்டு பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதியில் சாதிகளையும் அவற்றுக்குரிய தொழில்களையும் காட்டும் 66 ஓவியங்கள் இடம்பெற்றன. நெசவாளர், குயவர், கொல்லர், மீனவர், பால் விற்போர் முதலியோர் தத்தம் கருவிகளோடு அவற்றில் காணப்படுகின்றனர். இரண்டாம் பகுதியில் உள்ள 35 ஓவியங்கள் வீட்டுப் பணியாளர்களைக் காட்டுகின்றன. தோற்பையில் நீர் சுமக்கும் பிஸ்தி, செய்தி கொண்டு ஓடும் ஹர்காரா, ஹூக்காவைப் பேணும் ஹூக்காபர்தார், வாயில் காப்போர், குதிரை பராமரிப்போர், குழந்தை வளர்க்கும் ஆயா எனப் பலர் அங்கு உள்ளனர். ஐரோப்பியர் வீடு ஒன்றில் எத்தனை கைகள் உழைத்தன என்பதை அப்பகுதியைக் கண்டால் உணரலாம்.

ஆண்களின் உடை, பெண்களின் உடை, வண்டிகள், பல்லக்குகள், துறவியர், புகை பிடிக்கும் முறைகள், விழாக்கள் ஆகியன பிற பகுதிகளில் வருகின்றன. இசைக்கருவிகளுக்கென 36 ஓவியங்கள் ஒதுக்கப்பட்டன. பீன், சிதார், சாரங்கி, தபலா, டாக் என்னும் பெருமுழவு முதலியன, அவற்றை இசைப்போரின் கைகளில் இருக்கும் நிலையிலேயே வரையப்பட்டன. கருவியைப் பிடிக்கும் முறையும் விரல்கள் படும் இடமும் அவற்றில் தெரிகின்றன. இக்காலத்து இசை ஆய்வாளர்கள் அவ்வோவியங்களைச் சான்றுகளாகக் கொள்வதற்கு இதுவே காரணம்.

படகுகளை வரையும்போது சோல்வின்ஸின் பழைய கடலோவியப் பயிற்சி முழுமையாகக் கைகொடுத்தது. செல்வர்கள் பயணம் செய்த பஜ்ரா, மயில் உருவம் தாங்கிய மோர்பங்கி, சரக்கு ஏற்றும் தட்டையான அடிப்பாகமுடைய பட்டேலா, சிறிய டிங்கி எனப் பலவகைக் கலங்களை அவர் வேறுபடுத்திக் காட்டினார். சுக்கான் எங்கே கட்டப்படுகிறது, பாய் எவ்வாறு விரிக்கப்படுகிறது, படகோட்டி நின்று துடுப்பு வலிக்கிறாரா அமர்ந்து வலிக்கிறாரா என்பன போன்ற நுட்பங்களையும் அவர் விட்டுவிடவில்லை. அப்படகுகளுள் பல இன்று வழக்கொழிந்துவிட்டன.

செம்புத் தகட்டில் எழுந்த உருவங்கள்

ஓவியங்களைப் பல படிகளாக அச்சிட அக்காலத்தில் ஒளிப்பட முறை இல்லை. செம்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையைச் சோல்வின்ஸ் கையாண்டார். முதலில் தகட்டின்மீது மெழுகு கலந்த பூச்சு பூசப்படும். கூரிய ஊசியால் அப்பூச்சைக் கீறி உருவம் வரையப்படும். பின்னர்த் தகட்டின்மீது அமிலம் ஊற்றப்படும். கீறிய இடங்களில் மட்டும் அமிலம் செம்பை அரித்துப் பள்ளமாக்கும். பூச்சை நீக்கிப் பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் உருவம் தாளில் பதியும். தகட்டில் உள்ள உருவம் தாளில் இடவலமாக மாறிப் பதியும் ஆதலால், வரையும்போதே அதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். அச்சான தாள்களுக்கு வண்ணமும் தீட்ட வேண்டும்.

ஐரோப்பாவில் ஓவியர் ஒருவர் வரைய, செதுக்கும் கலையில் தேர்ந்த வேறொருவர் தகட்டில் பொறிப்பது வழக்கம். சோல்வின்ஸ் தாமே வரைந்தார். தாமே தகட்டிலும் பொறித்தார். 250 தகடுகளை இவ்வாறு ஆயத்தம் செய்வது எத்துணைப் பெரிய உழைப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

முதல் தோல்வி

தொகுப்பு 1796ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வெளிவந்தது. 1799ஆம் ஆண்டில் மீண்டும் வெளியிடப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. அதற்குக் காரணங்கள் சில இருந்தன. கல்கத்தாவில் வாழ்ந்த ஐரோப்பியர் கண்ணுக்கு இனிய காட்சிகளை விரும்பினர். ஆலமர நிழலில் பாழடைந்த கோயிலும், மாலை ஒளியில் ஆற்றங்கரையும் காட்டிய டேனியல்களின் ஓவியங்கள் அவர்களைக் கவர்ந்தன. சோல்வின்ஸின் வண்ணங்களோ மங்கலானவை. அவருடைய கோடுகள் கரடுமுரடாகத் தோன்றின. வீட்டில் நாள்தோறும் பார்க்கும் பணியாளரைச் சுவரில் மாட்டிப் பார்க்கப் பலரும் விரும்பவில்லை.

செலவிட்ட பொருள் திரும்பி வரவில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வங்காளத்தில் வாழ்ந்த சோல்வின்ஸ், 1803ஆம் ஆண்டில் செல்வம் எதுவும் சேர்க்காதவராய் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

அங்கே அவருக்கு இன்னொரு துன்பம் காத்திருந்தது. எட்வர்டு ஓர்ம் என்னும் இலண்டன் பதிப்பாளர், சோல்வின்ஸின் ஓவியங்களுள் அறுபதைத் தேர்ந்தெடுத்து, அவருடைய இசைவு பெறாமலேயே வெளியிட்டார். வேறு கலைஞர்களைக் கொண்டு கோடுகளை மென்மையாக்கியும், வண்ணங்களை ஒளிரச் செய்தும் அந்நூல் ஆக்கப்பட்டது. ஐரோப்பிய வாசகர்கள் அதனை விரும்பி வாங்கினர். மூல ஓவியர் வறுமையில் இருக்க, அவருடைய உழைப்பின் பயன் பிறரைச் சென்றடைந்தது.

பாரிஸ் நகரத்துப் பெருநூல்

வேறொருவராயின் அத்துடன் அம்முயற்சியைக் கைவிட்டிருப்பர். சோல்வின்ஸ் அதனை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்ய முற்பட்டார். பாரிஸ் நகரில் குடியேறிய அவர், மேரி ஆன் கிரீன்வுட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியை மணந்தார். மனைவியின் செல்வம் அவருடைய முயற்சிக்கு முதலாயிற்று.

பழைய ஓவியங்களை அவர் அப்படியே மறுபதிப்புச் செய்யவில்லை. புதிய தகடுகளில் அவற்றை மீண்டும் பொறித்தார். உருவங்களைச் சுற்றி வீடு, தெரு, தொழிற்கூடம், ஆற்றங்கரை ஆகிய பின்னணிகளை விரிவாகச் சேர்த்தார். ஒவ்வோர் ஓவியத்துக்கும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் அமைத்தார். 288 ஓவியங்களைக் கொண்ட ‘லே இந்து’ என்னும் அப்பெருநூல் 1808 முதல் 1812 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. இந்துக்கள் என்பது அப்பிரெஞ்சுப் பெயரின் பொருளாகும்.

துர்கா பூஜையும் இரத யாத்திரையும் அந்நூலில் இடம்பெற்றன. கணவன் இறந்தபின் மனைவியை உடன்கட்டை ஏற்றும் கொடிய வழக்கத்தையும் சோல்வின்ஸ் மறைக்காது வரைந்தார். அவ்வழக்கம் 1829ஆம் ஆண்டில் சட்டத்தால் தடை செய்யப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவ்வோவியங்கள் வெளிவந்துவிட்டன.

இம்முறையும் காலம் அவருக்குத் துணை நிற்கவில்லை. நெப்போலியனின் போர்களால் ஐரோப்பா முழுவதும் கலங்கியிருந்தது. விலைமிக்க பெருநூலை வாங்குவோர் சிலரே இருந்தனர். மனைவியின் செல்வமும் கரைந்தது. ஒரே கருத்துக்காக இருமுறை உழைத்த அவர், இருமுறையும் பொருளை இழந்தார்.

இறுதிக் காலம்

நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின்னர் நெதர்லாந்து அரசு உருவாயிற்று. சோல்வின்ஸ் 1814ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். மன்னர் முதலாம் வில்லியம் அவரை ஆண்ட்வெர்ப் துறைமுகத்தின் தலைவராக அமர்த்தினார். இளமையில் எந்த ஆற்றங்கரையில் கப்பல்களைப் பார்த்து நின்றாரோ, அதே ஆற்றங்கரையில் கப்பல்களின் வரவையும் செலவையும் மேற்பார்வையிடும் பொறுப்பு அவருக்கு முதுமையில் கிடைத்தது. 1824ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் அந்நகரிலேயே காலமானார்.

ஓவியங்களின் பயனும் எல்லையும்

சோல்வின்ஸின் பார்வையில் குறைகள் இல்லாமல் இல்லை. மக்களைச் சாதி வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்கியே அவர் தம் தொகுப்பை அமைத்தார். வாழ்வின் பல திறத்தையும் அவ்வரிசைக்குள் அடக்கிவிட இயலாது. நூலுக்கு இந்துக்கள் எனப் பெயரிட்டாலும், அதில் காணப்படும் பணியாளரிலும் இசைவாணரிலும் இசுலாமியர் பலர் உள்ளனர். வங்காளத்தில் கண்டதையே அவர் வரைந்தார். பரந்த இந்தியாவின் பிற பகுதிகளுக்கு அது முழுமையாகப் பொருந்தாது. மேலும், அவர் வரைந்த மக்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் நூலில் இல்லை. தொழிலின் பெயர் உண்டு; தொழிலாளியின் பெயர் இல்லை.

ஆயினும் அவருடைய பணியின் பெருமை குறைவுடையதன்று. பின்னாளில் இந்திய ஓவியர்கள் ஐரோப்பியருக்காகத் தொழில்களையும் உடைகளையும் காட்டும் ஓவிய வரிசைகளை வரைந்தனர். பாட்னா, கல்கத்தா, தஞ்சாவூர் முதலிய இடங்களில் வளர்ந்த அம்மரபைக் கம்பெனி ஓவியம் என்பர். வட இந்தியாவில் அவ்வகை ஓவியங்களுள் சிலவற்றுக்குச் சோல்வின்ஸின் தாள்கள் முன்மாதிரியாக இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர். அவர் கையால் வரைந்த மூல ஓவியங்கள் இன்று இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அவர் காலத்துக் கணக்கேடுகளில் கம்பெனி ஈட்டிய வரித்தொகை பதிவாகியுள்ளது. போர்களின் நாள்களும் பதிவாகியுள்ளன. அவ்வரியைத் தம் உழைப்பால் செலுத்திய நெசவாளர் எவ்வாறு தறியில் அமர்ந்தார், அவ்வாற்றில் சரக்கு ஏற்றிச் சென்ற படகோட்டி எவ்வாறு துடுப்பைப் பற்றினார் என்பதை அறிய விரும்புவோர் சோல்வின்ஸின் ஓவியங்களையே நாட வேண்டியுள்ளது. அவர் காலத்தில் வாங்குவாரின்றிக் கிடந்த அத்தாள்கள், இன்று வரலாற்றின் சான்றுகளாக மதிக்கப்படுகின்றன.

சொற்பொருள்

கலம் – கப்பல், படகு
துடுப்பு வலித்தல் – துடுப்பால் நீரைத் தள்ளிப் படகைச் செலுத்துதல்
சுக்கான் – படகின் திசையைத் திருப்பும் கருவி
இசைவு – ஒப்புதல்
முழவு – தோலால் ஆன பெரிய இசைக்கருவி
உடன்கட்டை ஏறுதல் – இறந்த கணவனின் சிதையில் மனைவியும் எரிதல்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சோல்வின்ஸ் பிறந்த நகரம் ____________.
2. அவர் கல்கத்தாவை அடைந்த ஆண்டு ____________.
3. இசைக்கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட ஓவியங்கள் ____________.
4. தோற்பையில் நீர் சுமப்பவர் ____________ எனப்பட்டார்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. சோல்வின்ஸ் தாயகத்தைவிட்டு வெளியேறக் காரணம் யாது?
2. கல்கத்தாவில் அவர் தொடக்கத்தில் செய்த பணிகள் யாவை?
3. எட்வர்டு ஓர்ம் வெளியிட்ட நூல் மூல ஓவியங்களிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?

இ. விரிவான விடை தருக.
1. செம்புத் தகட்டில் ஓவியம் அச்சிடும் முறையை விளக்குக.
2. சோல்வின்ஸின் ஓவியங்களால் நாம் அறியக்கூடியவற்றையும் அறிய இயலாதவற்றையும் தொகுத்து எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் பகுதியில் மறைந்துவரும் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அத்தொழில் செய்பவரைக் கண்டு உரையாடி, அவர் பயன்படுத்தும் கருவிகளை வரைந்து, அவருடைய ஒப்புதலோடு அவர் பெயரையும் குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.